தாய்மரக் கதை இருக்கட்டும், மண்ணைப் பாருங்கள்

கொச்சி மட்டாஞ்சேரி பஜார் ரோட்டின் அங்காடி மருந்துக் கடைகளில் வெள்ளைக் குங்கிலியம் இன்றும் விற்பனைக்கு இருக்கிறது. சுக்கு மூட்டைக்கும் திப்பிலி டப்பாவுக்கும் நடுவே, மங்கிய மஞ்சள் நிறத்தில் கட்டிகட்டியாகக் கிடக்கும். கேரளத்தில் வெள்ளைக் குந்திரிக்கம் என்பார்கள். கோயிலிலும் புகையும், தேவாலயத்திலும் புகையும். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வளராத வெள்ளைப்பைன் மரத்தின் பிசின் இது.

அந்த மரம் அச்சுப் புத்தகத்தில் ஏறியதும் கொச்சி வழியாகத்தான். டச்சுக்காரர்களின் கொச்சி ஆளுநராக இருந்த ஹென்ட்ரிக் வான் ரீட், இட்டி அச்சுதன் என்ற மலையாள வைத்தியர் உள்ளிட்ட பலரின் துணையோடு தொகுத்த ‘ஹோர்டுஸ் மலபாரிகஸ்’ 1678 தொடங்கி 1693 வரை 12 தொகுதிகளாக ஆம்ஸ்டர்டாமில் வெளியானது. அதில் உள்ள 742 தாவரங்களில் வெள்ளைப்பைனும் ஒன்று, மிளகுக்கொடியும் ஒன்று. இலை நரம்பு, பூவின் உள்ளுறுப்பு, குறுக்கே அறுத்த காய் எனச் சலிக்காமல் வரைந்த ஓவியர்கள், மரம் என்று வந்தால் பெரும்பாலும் கிளையோடு நிறுத்திக்கொண்டார்கள். வேருக்குள் பார்க்க ஒன்றும் இல்லை என்று அன்றைக்கு எல்லோருமே நினைத்தார்கள். இன்றைக்கும் மரக்கன்று நடும் விழாக்களில் அப்படித்தான் நினைக்கிறார்கள் என்பதுதான் வருத்தம்.

வேருக்குள் இருப்பது பூஞ்சை. 1885இல் ஆல்பர்ட் பெர்ன்ஹார்ட் ஃப்ராங்க் என்ற ஜெர்மன் தாவரவியலாளர் இதற்கு மைக்கோரைசா என்று பெயரிட்டார். பிரஷ்ய அரசு அவரிடம் கேட்டிருந்தது வேறு: விலை மதிப்புள்ள ட்ரஃபிள் என்ற நிலத்தடிக் காளானை நம் நாட்டில் விளைவிக்க வழி உண்டா? காளானைத் தேடிய ஃப்ராங்க், மரங்களின் நுண்வேர்கள் பூஞ்சை இழைகளால் ஆன உறையை அணிந்திருப்பதைக் கண்டார். மரம் நோயில் கிடக்கவில்லை, நன்றாகவே இருந்தது. இந்தப் பூஞ்சைதான் மண்ணிலிருந்து மரத்துக்கு ஊட்டம் கொண்டுவருகிறது என்று அவர் எழுதியபோது பலர் நம்பவில்லை. தமிழ்நாட்டு விவசாயிகளுக்கு இதன் ஒரு வகை ‘வேம்’ என்ற பெயரில் பழக்கம். வேர் உட்பூசணம் என்று வேளாண் துறைக் கையேடுகளில் இருக்கும்.

ஏன் ஒரு மரத்துக்குப் பூஞ்சையின் தயவு வேண்டும்? பாஸ்பரஸ்தான் முதல் காரணம். நைட்ரேட் மண்ணீரோடு கரைந்து வேரிடம் தானே வந்து சேரும். பாஸ்பரஸ் அப்படி நகராது. மண் துகளோடு ஒட்டிக்கொண்டு இருந்த இடத்திலேயே இருக்கும். தன்னைச் சுற்றி ஓரிரு மில்லிமீட்டர் தூரத்துக்குள் இருப்பதை வேர் உறிஞ்சி முடித்துவிட்டால் அப்புறம் பட்டினிதான். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூடத் தடிமன் இல்லாத பூஞ்சை இழை, வேரின் தூவி புக முடியாத மண் இடுக்கிலும் புகுந்து, பல சென்டிமீட்டர் தொலைவிலிருந்து பாஸ்பரஸை எடுத்துவரும். தழைச்சத்து, துத்தநாகம், செம்பு ஆகியவையும் இந்த வழியில் வருவதுண்டு. கைம்மாறாக மரம் தருவது, வெயிலில் இலை தயாரித்த சர்க்கரையும் கொழுப்பும். உலகத் தாவரங்கள் எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு 1,312 கோடி டன் கரியமில வாயுவுக்கு ஈடான கார்பனை வேர்ப்பூஞ்சைகளிடம் கொடுக்கின்றன என்று 2023இல் வெளியான ஒரு மதிப்பீடு சொல்கிறது. நிலக்கரி, பெட்ரோல், எரிவாயு எரித்து மனிதர்கள் ஓர் ஆண்டில் வெளிவிடுவதில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். அத்தனையும் மண்ணில் நிலைத்துவிடுவதில்லை. கணிசமான பகுதி மீண்டும் காற்றுக்குப் போய்விடும். ஆனாலும் சாதாரணக் கொடுக்கல் வாங்கல் அல்ல இது.

பூஞ்சைகளில் இரண்டு பெரிய பிரிவுகள் உண்டு. வேரின் செல்லுக்குள்ளேயே புகுந்து கிளைவிடுவது உள்வகை, அதுதான் வேம். நிலத் தாவர இனங்களில் ஏறக்குறைய 70 விழுக்காடு அதனோடு கூட்டு. மா, பலா, தேக்கு, மிளகு, ஏலம், இஞ்சி எல்லாம் அந்தக் கட்சி. வேரின் வெளியே உறைபோல் மூடி, செல்லுக்குள் நுழையாமல் இடைவெளியில் மட்டும் பரவுவது மேல்வகை. இதனோடு கூட்டு வைத்த தாவர இனங்கள் சுமார் 2 விழுக்காடுதான். ஆனால் ஐரோப்பாவின் ஓக், கனடாவின் ஊசியிலைக் காடுகள், போர்னியோவின் பெருமரங்கள், வட இந்தியாவின் சால் என்று பூமியின் பெரிய காடுகள் பலவற்றை ஆள்வது அந்த 2 விழுக்காடு. நம் வெள்ளைப்பைனும் தம்பகமும் அந்தக் கூட்டத்து மரங்கள். மழைக்காலத்தில் அவற்றின் அடியில் ருசுலா, இனோசைப் போன்ற காளான்கள் முளைக்கும். கேரளத்தின் இனோசைப் காளான்களைப் பற்றிக் கோழிக்கோடு பல்கலைக்கழகத்தின் தீப்னா லதாவும் மணிமோகனும் 2017இல் தனி நூலே எழுதினார்கள். மேல்வகைப் பூஞ்சை வெள்ளைப்பைனுக்கும் தம்பகத்துக்கும் பொதுவாக இருக்கலாம். பக்கத்தில் நிற்கும் பலாவை அது பொதுவாகத் தொடாது. காடு முழுவதையும் ஒரே இணையம்போல் பின்னியிருக்கும் பூஞ்சை வலை என்ற வர்ணனை இங்கேயே இடிக்கத் தொடங்குகிறது.

வெள்ளைப்பைனின் வித்து கனமானது. காற்றில் பறக்கச் சிறகில்லை. எடுத்து வைத்து அடுத்த ஆண்டு விதைக்கலாம் என்றால் நடக்காது; ஈரம் குறைந்தால் உயிர் போய்விடும். தென்மேற்குப் பருவமழை தொடங்கும் நேரத்தில் விழுந்து, பெரும்பாலும் தாயின் காலடியிலேயே முளைத்துவிடும். அதற்குப் பிறகு அந்தக் கன்று ஆண்டுக்கணக்கில் நிழலில் காத்திருக்க வேண்டும். மேலே ஒரு கிளை முறிந்து வெளிச்சம் விழும்வரை எதைத் தின்று உயிர் வாழ்கிறது?

இந்தக் கேள்விக்கு உலகமே விரும்பும் ஒரு பதில் கைவசம் இருக்கிறது. தாய்மரம் பூஞ்சை வழியாகக் கன்றுக்குப் பாலூட்டுகிறதாம். வாட்ஸப்பில், பள்ளி விழாவில், சூழலியல் மேடையில் எல்லாம் இது சொல்லப்படுகிறது. அதன் ஊற்று கனடாவில். 1997இல் சூசன் சிமார்ட் என்ற வன ஆய்வாளரும் கூட்டாளிகளும் பிரிட்டிஷ் கொலம்பியாவில் பிர்ச், டக்ளஸ் ஃபிர் மரக்கன்றுகளுக்கு கார்பன் ஐசோடோப்புகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒன்றில் கொடுத்த கார்பன் மற்றதில் தென்பட்டது. நிழலில் இருந்த ஃபிர் கூடுதலாகப் பெற்றது. ‘நேச்சர்’ இதழ் அதை அட்டைப்படக் கட்டுரையாக்கி, ‘வுட் வைட் வெப்’ என்ற பட்டத்தையும் சூட்டியது. பிறகு ஜெர்மன் வனக்காவலர் பீட்டர் வோல்லெபெனின் 2015 நூலும், சிமார்டின் 2021 நூலும் அந்தப் பட்டத்தை உலகின் படுக்கையறைகள் வரை கொண்டுசேர்த்தன.

அந்த 1997 கட்டுரையிலேயே ஒரு நெருடல் இருந்தது. பக்கத்தில் நட்டிருந்த செடார் கன்று உள்வகைப் பூஞ்சைக்காரன். பிர்ச்சின் வலையில் அதற்கு இடமில்லை. அதற்குள்ளும் கொஞ்சம் கார்பன் போயிருந்தது. அப்படியென்றால் ஒரு பகுதியாவது வெறும் மண் வழியாகவே போயிருக்க வேண்டும். 2023இல் ஜஸ்டின் கார்ஸ்ட், மெலனி ஜோன்ஸ், ஜேசன் ஹோக்செமா மூவரும் இதுவரை வந்த கள ஆய்வுகளை எல்லாம் கொட்டிப் பரப்பி ஆராய்ந்தார்கள். மெலனி ஜோன்ஸ் யார் தெரியுமா? அந்த 1997 கட்டுரையை எழுதியவர்களில் ஒருவர். உண்மையான காட்டில் மரங்களைப் பூஞ்சை இணைத்திருப்பதை மரபணு அடையாளத்தோடு வரைந்து காட்டிய ஆய்வுகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. வலைவழியே வந்த ஊட்டத்தால் கன்று செழித்தது என்பதற்குச் சான்று இருபக்கமும் இழுக்கிறது. பெரிய மரம் தன் பிள்ளையை அடையாளம் கண்டு கூடுதலாகக் கொடுக்கிறது என்பதற்குக் காட்டில் செய்த ஆய்வு ஒன்றுகூட ஆதாரமாக இல்லை. இதுதான் அவர்களின் முடிவு. தன் பழைய கட்டுரை எப்படி ஊதிப்பெருக்கப்பட்டது என்று பொதுவில் சொல்ல முன்வந்த ஆய்வாளருக்குக் கைதட்ட வேண்டும்.

வெள்ளைப்பைனின் உறவினர்களை வைத்தே போர்னியோ காட்டில் ஒரு சோதனை நடந்தது. சில கன்றுகளைப் பெரிய மரங்களின் பூஞ்சை வலையோடு விட்டு, சிலவற்றைத் துண்டித்து வளர்த்துப் பார்த்தார்கள். 2016இல் வெளியான முடிவில், வலையோடு இருந்ததால் கன்றுகள் கூடுதலாக வளர்ந்ததற்கோ பிழைத்ததற்கோ பெரிதாக ஆதாரம் தென்படவில்லை.

இதைப் படித்துவிட்டு, ‘அப்போ எல்லாம் கட்டுக்கதையா?’ என்று கேட்பவர்கள் அவசரப்படுகிறார்கள். மண்ணிலேயே அலையும் பூஞ்சை வித்துக்காகக் கன்று காத்திருக்க வேண்டியதில்லை. தாயின் வேரில் ஏற்கெனவே உயிரோடு இருக்கும் பூஞ்சை சில நாட்களில் அதன் வேருக்கும் தாவிவிடுகிறது. தாய்மரம் கன்றுக்குச் சோறு ஊட்டுகிறது என்பதற்கு ஆதாரம் குறைவு. சமையற்காரரை அதன் வாசலுக்கு அனுப்பிவைக்கிறது என்பதற்கு ஏராளம். நடைமுறைக்கு வேண்டியது இந்த இரண்டாவது உண்மைதான். பாசக் கதையின் இரைச்சலில் அதுதான் காதில் விழாமல் போகிறது.

இந்தக் கூட்டு எவ்வளவு பழையது என்பதற்கான சான்று அயல்நாட்டு அருங்காட்சியகத்தில் மட்டும் இருப்பதாக யாரும் எண்ண வேண்டாம். குஜராத்தில் பழுப்பு நிலக்கரி தோண்டும் தட்கேஷ்வர், வஸ்தான் சுரங்கங்களில் சுமார் 5 கோடி ஆண்டுப் பழமையான அம்பர் கிடைக்கிறது. அம்பர் என்பது கல்லாகிப்போன மரப்பிசின். அதன் வேதியியலை ஆராய்ந்தபோது, வெள்ளைப்பைன் எந்தக் குடும்பமோ அதே குடும்பத்து மரங்களின் பிசின் என்று தெரிந்தது. பூச்சிகள் ஏராளமாகச் சிக்கியிருந்தன. 2011இல் வெளியான ஓர் ஆய்வு அந்த அம்பருக்குள் பூஞ்சை உறையணிந்த வேர் நுனிகளையே காட்டியது. பூக்கும் தாவரங்களில் மேல்வகைக் கூட்டுக்குக் கிடைத்த மிகப் பழைய தொல்லுயிர்ச் சான்றுகளில் அது ஒன்று. மட்டாஞ்சேரியில் நெருப்பில் போடும் குங்கிலியத்தின் மூதாதை, தன் கூட்டாளியை உடலோடு பாதுகாத்து வைத்திருந்திருக்கிறது.

அதற்கும் முன்னால் போகலாம். மடகாஸ்கர் தீவில் மட்டும் வளரும் சார்கோலீனேசி என்ற மரக்குடும்பம் வெள்ளைப்பைன் குடும்பத்துக்கு மிக நெருங்கிய சொந்தம். அந்த மரங்களின் வேரிலும் மேல்வகைப் பூஞ்சை இருப்பதை 2004இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் கண்டார்கள். இரண்டு குடும்பத்துக்கும் பொதுவான மூதாதையிடமே இந்தக் கூட்டு இருந்திருக்க வேண்டும் என்றும், இந்திய நிலத்தட்டு மடகாஸ்கரைவிட்டுப் பிரிந்த சுமார் 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன்பே அது தொடங்கியிருக்க வேண்டும் என்றும் அவர்கள் வாதிட்டார்கள். அவர்கள் சொல்வது சரியென்றால், இமயமலை எழும்புவதற்கு முன்பே, இந்தியா தனித் தீவாகக் கடலில் நகர்ந்தபோது, மரமும் பூஞ்சையும் சேர்ந்தே பயணம் செய்திருக்கின்றன. அத்தனை கோடி ஆண்டு உறவை நாற்றங்காலில் ஒரு பாலித்தீன் பை முறித்துவிடுகிறது.

எப்படி? கரிபியன் தீவான போர்ட்டோ ரிக்கோவில் நடந்ததைப் பார்க்கலாம். 1930களிலிருந்து அங்கே ஊசியிலைப் பைன் காடு வளர்க்க வனத்துறை மீண்டும் மீண்டும் முயன்றது. விதை முளைக்கும்; சில அங்குலம் வளரும்; மஞ்சளாகிச் சாகும். உரம் போட்டும் பலனில்லை. 1950களில் அமெரிக்க நிலப்பரப்பின் பைன் காட்டிலிருந்து கொஞ்சம் மண்ணைக் கொண்டுவந்து சில கன்றுகளின் அடியில் போட்டார்கள். அந்தக் கன்றுகள் பச்சை பிடித்து எழுந்தன. பக்கத்தில் மண் போடாதவை செத்தன. அந்தத் தீவு மண்ணில் பைனுக்கு ஏற்ற பூஞ்சையே இல்லாததுதான் இருபது வருடச் சிக்கல். வேர்ப்பூஞ்சை மரத்துக்கு அலங்காரமா, ஆதாரமா என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை தேவையில்லை. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் வெளிநாட்டுப் பைன் தோப்புகளின் அடியில் சிவப்புத் தொப்பியில் வெள்ளைப் புள்ளி வைத்த அமானிட்டா காளான் முளைப்பதைச் சுற்றுலாப் பயணிகள் படம் எடுக்கிறார்கள். அது மரத்தோடு கப்பலேறி வந்த பூஞ்சை, நச்சு.

இந்த அறிவியலில் தமிழர்கள் வேடிக்கை பார்த்தவர்கள் அல்ல. ஆசியாவின் முதல் வேர்ப்பூஞ்சை மாநாடு 1988 ஜனவரியில் சென்னையில்தான் நடந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் உயராய்வு மையத்தைச் சேர்ந்த மகாதேவன், ராமன், நடராஜன் மூவரும் அதன் கட்டுரைகளைத் தொகுத்து வெளியிட்டார்கள். அதே நடராஜன் பின்னர் பிரெஞ்சு ஆய்வாளர்களோடு சேர்ந்து, புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1990 வாக்கில் குடகு மலையில் அமைத்த உப்பங்களா ஆய்வுக் காட்டில் வெள்ளைப்பைனோடு வாழும் காளான்களைப் பட்டியலிட்டார். எந்தக் காளான் எங்கே பரவியிருக்கிறது என்று மரபணு அடையாளத்தால் வரைபடமும் தயாரானது. கோவையில் பாரதியார் பல்கலைக்கழகத்தின் முத்துக்குமாரும் உதயனும் மேற்குத் தொடர்ச்சி மலையின் 300க்கும் மேற்பட்ட தாவரங்களின் வேரைச் சோதித்து 2000இல் வெளியிட்டார்கள். பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகத்தில் பாக்யராஜ் 1970களிலிருந்து உள்வகைப் பூஞ்சைக்காகவே உழைத்தார். அறிவு நாற்பது வருடமாகக் கையில் இருக்கிறது. அது வனச்சரக நாற்றங்கால்வரை ஏன் இறங்கவில்லை என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

இறங்காததற்கு ஒரு காரணம் மட்டாஞ்சேரி படகுத்துறையில் நின்றாலே தெரியும். எதிரே வில்லிங்டன் தீவு. ஜோர்டானிலிருந்தும் மொராக்கோவிலிருந்தும் இந்தியா வாங்கும் பாறைப் பாஸ்பேட் இறங்கும் துறைமுகங்களில் கொச்சியும் ஒன்று. 1943இல் தொடங்கிய ஃபாக்ட் நிறுவனம் இந்தியாவின் முதல் பெரிய உரத் தொழிற்சாலைகளில் ஒன்று. அதன் ஃபாக்டம்பாஸ் உர மூட்டையைக் குட்டநாட்டு நெல் வயலிலும் பார்க்கலாம், தஞ்சாவூரிலும் பார்க்கலாம். கேரள மண்ணுக்குப் பாஸ்பேட் உரம் ஒரு காலத்தில் உண்மையாகவே தேவைப்பட்டது. இது வெட்டுக்கல் நாடு. இரும்பும் அலுமினியமும் நிறைந்த செம்மண் பாஸ்பரஸைப் பிடித்துப் பூட்டிவிடும். போட்டதில் ஒரு பங்குதான் பயிருக்குப் போகும். அதனால் இன்னும் போடு என்றார்கள். போட்டார்கள்.

2013இல் கேரள மாநிலத் திட்டக்குழு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மண் மாதிரிகளை ஆராய்ந்து வெளியிட்ட அறிக்கை, பெரும்பாலான மாதிரிகளில் பாஸ்பரஸ் தேவைக்கு மேல் குவிந்து கிடப்பதைக் காட்டியது. கால்சியம், மக்னீசியம், போரான் பற்றாக்குறை, பாஸ்பரஸ் மிகுதி. பற்றாக்குறையாக இருந்த சத்து, எழுபது வருடத்தில் தேவைக்கு மேல் ஏறிவிட்டது.

வேர்ப்பூஞ்சைக்கு இது நேரடி அடி. பாஸ்பரஸ் போதாமல் தவிக்கும் வேர், ஸ்ட்ரைகோலாக்டோன் என்ற பொருளை மண்ணில் கசியவிடும். உள்வகைப் பூஞ்சை அதை உணர்ந்து கிளைவிட்டு வேரை நாடி வரும். 2005இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதைக் கண்டறிந்தார்கள். பாஸ்பரஸ் தாராளமாகக் கிடைத்தால் வேர் இந்த அழைப்பைக் குறைத்துக்கொள்ளும். சர்க்கரையை இழை இழையாய் வெளியே அனுப்ப வேண்டிய அவசியம் அதற்கு இல்லை. செடியைக் குறைசொல்ல முடியாது. ஆனால் பூஞ்சை பாஸ்பரஸ் மட்டும் கொண்டுவரும் கூலிக்காரன் இல்லையே. வறட்சியில் நீரை எட்டிப் பிடிப்பதும், துத்தநாகம் சேர்ப்பதும், நோய்க்கிருமி வேரில் இடம்பிடிக்காமல் தடுப்பதும் அதன் வேலைகள். பாஸ்பேட் மூட்டையால் இவை எதையும் செய்ய முடியாது.

மட்டாஞ்சேரிக்கு இந்தக் கணக்கு வேறு யாரையும்விட நன்றாகப் புரிய வேண்டும். இந்திய மிளகு மற்றும் நறுமணப்பொருள் வர்த்தகச் சங்கம் 1957 முதல் யூதத் தெருவில் மிளகின் முன்பேர வணிகத்தை நடத்திய ஊர் இது. அந்த மிளகை வேரோடு சாய்க்கும் முதல் எதிரி ஃபைட்டோஃப்தோரா என்ற கிருமி கொண்டுவரும் வாடல் நோய். பருவமழையில் ஒரு கொடியில் தொடங்கினால் சில வாரங்களில் தோட்டமே காலி. போர்டோ கலவை தெளித்துக்கொண்டே இருப்பது ஒரு வழி. கோழிக்கோடு இந்திய நறுமணப்பயிர் ஆராய்ச்சி நிறுவனம் அதோடு நிற்கவில்லை. மிளகு நாற்றங்கால் மண்ணைப் பாலித்தீன் தாளால் மூடி வெயிலில் சூடேற்றிக் கிருமி நீக்கச் சொல்கிறது. அந்தச் சூட்டில் நல்ல பூஞ்சையும் அழிந்துவிடும் என்பதால், பையில் நிரப்பும்போது வேமும், நோய்க்கிருமியை அடக்கும் டிரைக்கோடெர்மா பூஞ்சையும் கலக்க வேண்டும் என்றும் சேர்த்தே சொல்கிறது. மண்ணைக் கொதிக்கவைத்தவர்களே பூஞ்சையைத் திரும்பச் சேர்க்கச் சொல்கிறார்கள். மலைச்சரிவுகளின் சிறு நாற்றங்கால்கள் பலவற்றில் முதல் பாதி நடக்கிறது, இரண்டாம் பாதி மறந்துபோகிறது. மிளகுக்கொடி ஏறும் கல்யாண முருங்கை மரங்களை 2005க்குப் பிறகு ஒரு குளவி முடிச்சு முடிச்சாக்கிச் சாய்த்தது இன்னொரு அடி. தழைச்சத்தைக் காற்றிலிருந்து எடுப்பதோடு வேம் பூஞ்சைக்கும் வீடாக இருந்த தாங்குமரம் அது. அதன் இடத்தில் பல தோட்டங்களில் ஏறியது சில்வர் ஓக். அந்த மரத்தின் குடும்பம் வேர்ப்பூஞ்சையைப் பெரிதாக நம்பாத அபூர்வக் குடும்பங்களில் ஒன்று. கொத்துக்கொத்தான வேர்களால் பாஸ்பரஸைத் தானே கரைத்துக்கொள்ளும். தாங்குமரத்தை மாற்றும்போது மரவிலையும் நிழலும் மட்டும்தான் பேசப்படுகின்றன, மண்ணுக்குள் நடப்பது பேசப்படுவதில்லை.

மரம் நடுவதில் நிலைமை இன்னும் மோசம். தமிழ்நாடு 2022 செப்டம்பரில் பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தைத் தொடங்கி, பத்தாண்டில் 33 விழுக்காடு பசுமைப் பரப்பு என்று இலக்கு வைத்தது. கேரளம் 2021இல் சூழல் மீட்புக் கொள்கை அறிவித்து, யூகலிப்டஸ், அக்கேசியா, வாட்டில் தோப்புகளை இயற்கைக் காடாக மாற்றுவோம் என்றது. (2024 மே மாதம் வனவளர்ச்சிக் கழகத்துக்கு யூகலிப்டஸ் நட அனுமதித்துவிட்டு, எதிர்ப்புக் கிளம்பியதும் ஆணையை மாற்றிய கூத்து தனி.) இரண்டு அரசுகளின் நோக்கமும் நல்லதே. ஆனால் எண்ணுவது எதை? கன்றுகளை. லட்சம், கோடி என்று அறிக்கை வருகிறது. ஒரே அளவு பையில், செம்மண், மணல், தொழு உரம் கலந்து, எந்த மரத்துக்கும் ஒரே கலவையில் வளர்ந்த கன்று, பத்து வருடம் யூகலிப்டஸ் நின்ற நிலத்தில் இறங்குகிறது. யூகலிப்டஸின் பூஞ்சைக் கூட்டாளிகளில் பல அதனோடு ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவை. வெள்ளைப்பைன் கன்றுக்கு அங்கே அறிமுகமான முகம் ஒன்றும் இருக்காது. கன்று காய்ந்தால் தண்ணீர் ஊற்றவில்லை என்று காவலரைத் திட்டுவார்கள்.

‘கடையில் பூஞ்சைப் பாக்கெட் விற்கிறதே, வாங்கிப் போட்டால் ஆயிற்று’ என்பது அடுத்த சமாதானம். மூன்று சிக்கல்கள். சந்தையில் கிடைப்பது பெரும்பாலும் வேம். வெள்ளைப்பைன், தம்பகம் போன்றவற்றுக்கு அதனால் பயனில்லை. வெளிநாடுகளில் விற்பனைப் பாக்கெட்டுகளைச் சோதித்தபோது பலவற்றில் வேரில் ஒட்டும் அளவுக்கு உயிருள்ள பூஞ்சையே இல்லை. நம் உரக் கட்டுப்பாட்டு ஆணையில் தரம் எழுதப்பட்டிருக்கிறது, கடைவரை வந்து சோதிப்பவர்கள் குறைவு. வேறொரு நாட்டுப் பூஞ்சையைக் காட்டுக்குள் கொண்டுபோய் விடுவது, இன்னொரு களையை இறக்குமதி செய்வதற்குச் சமமாகவும் ஆகலாம்.

காட்டு மண்ணை லாரியில் அள்ளிவந்து நாற்றங்காலில் கொட்டுவதும் தீர்வல்ல. அதோடு நோய்க்கிருமியும் வரும். அள்ளிய இடம் பாழாகும். செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. வெள்ளைப்பைன் நாற்றை வெள்ளைப்பைன் மரத்தின் அடியிலேயே வளர்ப்பது. அதற்கான தாய்மரங்கள் நடுக்காட்டில் மட்டும்தான் நிற்கின்றன என்று எண்ண வேண்டாம். கொச்சியிலிருந்து ஒன்றரை மணி நேரப் பயணத்தில் பெரும்பாவூர் அருகே இரிங்கோள் காவு என்ற கோயில்காடு இருக்கிறது; சுமார் 50 ஏக்கர், சுற்றிலும் வீடும் ரப்பரும், நடுவே தம்பகமும் வெள்ளைப்பைனும். பீச்சியிலுள்ள கேரள வன ஆராய்ச்சி நிறுவனத்தின் சந்திரசேகராவும் சங்கரும் இந்தக் காவு உள்ளிட்ட மூன்று காவுகளை ஆராய்ந்து 1998இலேயே எழுதினார்கள். சமவெளியில் காடு இருந்த காலத்து மண் அப்படியே மிச்சமிருக்கும் இடங்கள் இவை. மரத்தை வெட்டுவதில்லை, உழுவதில்லை, உரமிடுவதில்லை. அதனால் பூஞ்சையும் மிஞ்சியது. வழிபாட்டு மரபு எதைக் காக்கிறோம் என்று தெரியாமலே இதையும் காத்திருக்கிறது.

ஆனால் காவுகளுக்கும் நேரம் சரியில்லை. பாகப்பிரிவினையில் பல அழிந்தன. மிஞ்சிய சர்ப்பக் காவுகள் பலவற்றில் நாகச்சிலை மேடையான நாகத்தறையைச் சுற்றிச் சிமென்ட் தளம், டைல்ஸ், மின்விளக்கு. சருகைக் கூட்டி எரிக்கிறார்கள். பார்க்கச் சுத்தமாக இருக்கிறது. மரம் நிற்கும், கன்று வராது. இருபது வருடம் கழித்துப் பார்த்தால் கிழட்டு மரங்கள் மட்டுமே இருக்கும் காவாக அது ஆகிவிடும்.

இரண்டு மாநில வனத்துறைகளும் செய்ய வேண்டியது அதிகமில்லை. உள்வகை மரம் எது, மேல்வகை மரம் எது என்று நாற்றங்கால் பட்டியலைப் பிரித்தெழுதட்டும். பீச்சி நிறுவனமும் கோவை வன மரபியல் நிறுவனமும் ஒரு வாரத்தில் தந்துவிடும் தகவல் அது. மேல்வகை மரங்களுக்குத் தாய்மரத்தடி நாற்றங்கால் அமைக்கட்டும். நடும் நிலத்தில் பாஸ்பரஸ் அளவைச் சோதிக்காமல் உரம் போடுவதை நிறுத்தட்டும். ஆண்டறிக்கையில் நட்ட கன்றின் எண்ணிக்கையோடு, மூன்றாம் ஆண்டில் உயிரோடு நிற்பவை எத்தனை, அவற்றின் வேரில் பூஞ்சை பிடித்திருக்கிறதா என்ற இரண்டு வரியையும் சேர்க்கட்டும். வேர் நுனியைச் சாயமேற்றிப் பார்க்கச் சாதாரண நுண்ணோக்கி போதும். கல்லூரித் தாவரவியல் மாணவர்களே செய்து கொடுப்பார்கள்.

வீட்டு மனையில் காவு வைத்திருக்கும் குடும்பங்களுக்கும், காவுகளை நிர்வகிக்கும் தேவஸ்வங்களுக்கும் ஒரு வேண்டுகோள்: இந்தப் பருவமழைக்கு முன் சருகை எரிக்காதீர்கள், நாகத்தறையைச் சுற்றிப் புதிதாகச் சிமென்ட் போடாதீர்கள். வித்து விழுந்து முளைக்க அந்த மண்ணை அப்படியே விட்டுவையுங்கள்.